பேரில்லாத மரண அறிவித்தல்

பிள்ளைகள், போன மாதப் பயிற்சி வகுப்பில் உங்களில் ஒருவர் கேட்டது இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. "அன்ரி, எங்கட புரோகிராமை எத்தினை பேர் கேக்கினம்?" நான் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "நீர் முதலில மைக்கிலயிருந்து ஒரு சாண் தள்ளியிருந்து கதைக்கப் பழகும்" என்று சொல்லித் தப்பிவிட்டேன். பதில் தெரியாமல் தப்பவில்லை. நின்ற நிலையில் சொல்லிவிட முடியாத பதில் அது. இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். நீங்கள் தமிழ் வாசிக்கப் பஞ்சிப்படுவீர்கள் என்று தெரியும். அம்மாவைப் பிடித்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எந்தப் பொத்தானை எப்போது தள்ளுவது என்றெல்லாம் எழுதப்போவதில்லை. நான் பழகிய பொத்தான் ஒன்றுகூட இப்போது கலையகத்தில் இல்லை. வாயை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது மட்டும் மாறவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கதை.

சிட்னியில் நம்முடைய வானொலி நிலையத்தில் ஒரு கலையகத்தை எத்தனையோ மொழிக்காரர் பங்குபோட்டுக்கொள்வது உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை பின்னேரம் நமது தமிழ் நிகழ்ச்சி. அதற்கு முந்திய அரை மணி நேரம் இப்போது உங்களுடைய இளையோர் நிகழ்ச்சி. முன்பு அது, ஸ்பெயின் நாட்டுக்குள் ஒரு சிறுபான்மைச் சனம் பேசும் கத்தலான் மொழிக்கு உரியது. அதை நடத்தியவர் பெரே என்ற கிழவர். ஒற்றை ஆள். அவரே பேசுவார், அவரே பாட்டுப் போடுவார், அவரே தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது அடித்து நான் கண்டதில்லை. முடிந்ததும் மைக்கைத் தன் கைலேஞ்சியால் துடைத்துவிட்டு, எழும்பி, எனக்காகக் கதிரையை இழுத்துவிடுவார்.

முதல் நாள் அவரிடம், "நீங்கள் ஸ்பெயின்காரரா?" என்று இங்கிலீசில் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர் சிங்களவரா?" என்று திருப்பிக் கேட்டார். என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார். அன்றைக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் அரசியல் விளக்கம் தேவைப்படவில்லை.

பெரே கவிஞர். தன் ஊரின் வரலாற்றையும் எழுதியவர். பட்டம் கிட்டம் ஒன்றுமில்லை. சின்ன வயதில், பள்ளிக்கூடத்தில் வீட்டு மொழியைப் பேசியதற்காகக் கன்னத்தில் வாங்கியிருக்கிறார். அந்தக் காலத்தில் அங்கே சர்வாதிகாரியின் ஆட்சி. இளைஞனாகக் கப்பலேறி வந்து, குயின்ஸ்லாந்தில் கரும்பு வெட்டி, பிறகு சிட்னியில் ரயில் திருத்தும் பட்டறையில் ஓய்வுபெறும் வரைக்கும் வேலை. கரும்புத் தோட்டத்திலிருந்தே கவிதை எழுதினார். எல்லாம் சின்னச் சின்னக் கவிதைகள்: அம்மா கோதுமைப் பாண் வெட்டும் கை, மழைக்குப் பிறகு ஆற்றின் நிறம், அப்படி. எனக்கு மொழிபெயர்த்துச் சொல்வார். சொல்லிவிட்டு, "இங்கிலீசில் இது செத்துப்போச்சு, மன்னியும்" என்பார்.

வரலாறு எழுதத் தொடங்கியது தகப்பனால். பெரே கைக்குழந்தையாக இருந்தபோது, ஸ்பெயினின் உள்நாட்டு யுத்தம் முடிகிற தறுவாயில், தகப்பனை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே சுட்டார்கள், எந்தக் குழியில் போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பெரே தகப்பனைத் தேடிக் கடிதம் எழுதப் போய், பக்கத்து வீட்டுக்காரனின் கதை வந்தது. அவனைத் தேடப் போய் அடுத்த தெருவின் கதை வந்தது. இப்படியே இருந்த இடத்திலிருந்து, சிட்னியின் மெரிலேண்ட்ஸில் ஒரு சின்ன வீட்டின் குசினியில், சமைக்கிற மேசையிலிருந்து, ஊர் முழுவதன் கதையையும் எழுதி முடித்தார். இடையிடையே ஊருக்குப் போய் வந்தும் எழுதினார். அவருடைய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ குடும்பங்கள் தங்கள் ஆட்களின் எலும்பை எடுத்து அடக்கம் செய்தன. அவருடைய தகப்பன் மட்டும் கிடைக்கவில்லை. "தேடாத எல்லாரும் கிடைத்தார்கள்" என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்கு நான் நிகழ்ச்சியை எப்படித் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் நிகழ்ச்சியில் அவருக்குப் பிடித்தது பாட்டு இல்லை, மரண அறிவித்தல். நாதஸ்வரம் முடிந்தவுடன் நாங்கள் வாசிப்பது அதைத்தானே. அதற்கென்று ஒரு சோக இசை, பிறகு ஆறுதலான குரலில் விபரம். எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசிப்போம், பேர்களை நிறுத்தி நிறுத்தி. நீங்கள் அதைச் சலிப்பான வேலை என்று நினைக்கிறீர்கள், முகத்தில் தெரிகிறது. பெரே ஒருநாள் அதை வரிக்கு வரி மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன இடத்தில் அடக்கம்.

"என் வாழ்நாள் முழுக்க நான் எழுதப் பார்த்தது இதைத்தான். உங்கள் சனம் அரை நிமிடத்தில் சொல்லிவிடுகிறது" என்றார். பிறகு, "நான் செத்தால் எனக்கும் ஒன்று வாசிப்பீரா? இதே மாதிரி, ஒரு வரியும் விடாமல்" என்றார்.

"அதுக்கென்ன, வாசிச்சால் போச்சு. நீங்கள் முதலில சாகுங்கோவன்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு நேரம் போதாமல் இருந்தது. மரண அறிவித்தல், கோயில் அறிவித்தல், விளம்பரம், பிள்ளைகளின் பேச்சு, எல்லாம் அந்தச் சின்ன நேரத்துக்குள் நெரிபட்டன. தமிழ்க் குழுவின் தலைவர் செல்வரத்தினம் அண்ணை கூட்டத்துக்குக் கூட்டம் ஒரே பல்லவிதான். "தங்கச்சி, கேக்க ஆளில்லாத நிகழ்ச்சிக்கு அரை மணித்தியாலம். எங்கட சனம் நேரமில்லாமல் தவிக்குது. இது என்ன நியாயம் எண்டு கேக்கிறன்." கேட்டால் நியாயம்போலத்தான் இருந்தது. நிலையமும் அதே முடிவில்தான் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டால் தந்துவிடுவார்கள். கேட்பதற்கு முன் பெரேயிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "நாளைக்கு என்னோடு ஓரிடம் வாரும்" என்றார்.

கூட்டிக்கொண்டு போனது ஒரு முதியோர் இல்லத்துக்கு. அங்கே அவருடைய மனைவி நூரியா இருந்தார். மறதி நோய். இங்கிலீசு முழுக்கப் போய், ஊர் மொழி மட்டும் மிஞ்சியிருந்தது. பெரே ஒவ்வொரு நாளும் போவார். நூரியா அவருக்கு மரியாதையாகக் கதிரை காட்டுவார், பிஸ்கட் கொடுப்பார். பார்க்க வருகிற ஏதோ ஒரு நல்ல மனிதர் என்ற எண்ணம். தன் புருஷன் என்று தெரியாது.

"ஆனால் றேடியோவில என்ர குரல் கேட்டால் அவளுக்கு நான் ஆரெண்டு தெரியும்" என்று அவர் சொன்னதை எனக்குத் தமிழாக்கியது மெற்றில்டா, அங்கே வேலை செய்த மன்னார்ப் பிள்ளை. பெரே இங்கிலீசில்தான் சொன்னார். ஆனால் பாதியில் குரல் உடைந்துபோய் எனக்கு விளங்கவில்லை. மெற்றில்டாவுக்கு அந்தக் கதை மனப்பாடம். "அன்ரி, சனிக்கிழமை அவ றேடியோவைத் தூக்கி மடியில வச்சிருவா. ஆரும் கதைச்சா உதட்டில விரலை வைப்பா. 'என்ர அவர் கதைக்கப்போறார்' எண்டு சொல்லுறா எண்டு அங்கிள்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தவர். ஃபோனில பதிஞ்சு போட்டுப் பாத்தம். ஃபோனைத் தூக்கி எறிஞ்சிட்டா."

பெரே பிறகு காரணம் சொன்னார். அவர்களுடைய மொழி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், வெளிநாட்டிலிருந்து வரும் ஒலிபரப்பை நூரியாவின் வீட்டில் எல்லாரும் போர்வைக்குள் றேடியோவை வைத்துக் கேட்பார்களாம். அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வருவதுதான் நூரியாவுக்கு உண்மை.

"சனிக்கிழமை அந்த அரை மணி நேரம்தான் நான் கல்யாணம் கட்டின மனிதன்" என்றார் பெரே.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. பெரே நிகழ்ச்சி முடிவில் ஒரு கவிதை வாசிப்பார். கடைசி வரிக்கு முன்னால் பேசாமல் நின்றுவிடுவார். நிலையத்தில் எத்தனையோ முறைப்பாடு, காற்றலையில் வெற்றிடம் விடுகிறார் என்று. அந்த வெற்றிடத்தில் இங்கே நூரியா கடைசி வரியைச் சொல்லுவாராம். அவர் சொல்லி முடிக்கிற அளவுக்குத்தான் பெரே காத்திருப்பது.

அது முடிந்தாலும் றேடியோவை விடமாட்டாராம். எங்கள் நாதஸ்வரம் வரும், பிறகு மரண அறிவித்தலின் சோக இசை வரும். அது தொடங்கியவுடன் நூரியா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டு, தன் மொழியில் ஏதோ சொல்லுவார். "பாவம், யாரோ பெற்ற பிள்ளை" என்று அர்த்தம் என்றார் பெரே. "உங்களுடைய செத்தவர்கள் எல்லாருக்கும் என் மனைவி செபம் செய்திருக்கிறாள். யாரென்று தெரியாமலே." எங்கள் யாழ்ப்பாணத்துக் கந்தையாவுக்கும் நாகம்மாவுக்கும் கத்தலான் மொழியில் செபம் போயிருக்கிறது. எனக்கு அங்கே அழுகை வந்துவிட்டது. அழுதேன்.

அடுத்த கூட்டத்தில் நான் எழும்பி, அந்த நேரத்தைக் கேட்கக்கூடாது என்று சொன்னேன். செல்வரத்தினம் அண்ணை, "ஒரு மனுசிக்காக ஒரு சமூகத்தின்ர நேரத்தை விடுறதோ?" என்று மேசையில் தட்டினார். "ஓம் அண்ணை, ஒரு மனுசிக்காகத்தான்" என்று நானும் தட்டினேன். வாக்கெடுப்பில் மயிரிழையில் தப்பினோம். அண்ணை எனக்குக் கொஞ்ச நாள் முகம் தரவில்லை.

பெரே முதலில் போனார். நெஞ்சில் சளி என்று பரமட்டாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வரவில்லை. கடைசியாகப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நூரியாவுக்குச் சொல்லவேண்டாம். இன்றைக்குச் சொன்னால் இன்றைக்கு விதவையாவாள். நாளைக்கு மறப்பாள். யாராவது திரும்பச் சொல்லுவார்கள். திரும்ப விதவையாவாள்." எங்களூர்ப் பாஷையில் சொன்னால், ஒவ்வொரு நாளும் புதிதாகத் தாலி அறுப்பது. பழைய ஒலிப்பதிவுகளைப் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். தலையாட்டினார். கொஞ்சம் பொறுத்து, "என் அறிவித்தல்?" என்றார். "ஒரு வரியும் விடமாட்டன்" என்றேன். வியாழக்கிழமை போய்விட்டார்.

சனிக்கிழமை கலையகத்தில் அவருடைய பழைய நிகழ்ச்சி ஒன்று போய்க்கொண்டிருந்தது. கதிரை குளிர்ந்துபோய்க் கிடந்தது. செல்வரத்தினம் அண்ணையும் வந்திருந்தார். அறிவித்தலைத் துப்பரவாகத் தட்டெழுதிக் கையில் வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை அடக்கம், இன்றைக்கு விட்டால் சனத்துக்குச் சொல்ல வேறு நாள் இல்லை. தமிழில் வாசித்தால் நூரியாவுக்கு விளங்காது என்றுதான் நினைத்திருந்தேன். நான் மட்டுமில்லை, எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம்.

ஸ்பீக்கரில் பெரே தன் பேரைச் சொல்லிக் கவிதையைத் தொடங்கினார். அப்போதுதான் எனக்குப் பகீரென்றது. தமிழ் விளங்காது. பேர் விளங்குமே! சோக இசையைக் கேட்டுச் சிலுவை போடுகிற மனுசிக்கு, அது யாரோ செத்த செய்தி என்று தெரியும். அதற்குள் பெரே, நூரியா என்று இரண்டு தரம், நிறுத்தி நிறுத்தி நானே வாசிக்கப் போகிறேன். மெற்றில்டாவுக்கு ஃபோன் போட்டு, "றேடியோவை நிப்பாட்டு பிள்ளை" என்றேன். "ஐயோ அன்ரி, மடியில கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறா. போன கிழமை ஆரோ நிப்பாட்டப்போய் படுக்கும்வரை அழுதவ" என்றாள்.

பேனாவை எடுத்துப் பேர்களை வெட்டத் தொடங்கினேன். அண்ணை எட்டிப் பார்த்தார்.

"என்ன செய்யிறீர்?"

"பேர் வேண்டாம் அண்ணை. அவ கேட்டுக்கொண்டிருக்கிறா."

"பேரில்லாமல் மரண அறிவித்தலோ? உமக்கென்ன விசரே? ஆர் செத்ததெண்டு சனம் என்னெண்டு அறியிறது?"

"எங்கட சனத்துக்கு விளங்கும்."

"ஒரு வரியும் விடாமல் வாசிக்கச் சொல்லித்தானே மனுசன் கேட்டது?"

அது குத்தியது. செத்தவர்களின் பேரைத் தேடியே வாழ்நாளைக் கழித்த மனிதனின் பேரை அவருடைய அறிவித்தலிலேயே வெட்டுகிறேன். ஸ்பீக்கரில் பெரே கடைசி வரிக்கு முன்னால் மௌனமாகியிருந்தார். அந்த மௌனத்துக்குள் அங்கே ஒரு கிழவி ஒரு வரி சொல்லிக்கொண்டிருப்பார். ஊர்ப் பேரும் அவருக்கு விளங்கும் என்று நினைவு வந்தது, அதையும் வெட்டினேன். நாதஸ்வரமும் சோக இசையும் முடிந்தன. "அண்ணை, வாயை மூடுங்கோ, மைக் லைட் எரியுது" என்றேன்.

வாசித்தது இதுதான். மலையடிவாரத்து ஊரொன்றைப் பிறப்பிடமாகவும், மெரிலேண்ட்ஸை வதிவிடமாகவும் கொண்டிருந்தவரும், கவிஞரும், தன் ஊரின் வரலாற்றை எழுதியவரும், ஒவ்வொரு சனிக்கிழமையும் எமக்கு முன்னால் அரை மணி நேரம் பேசிவந்தவருமான எமது அயலவர் வியாழக்கிழமை காலமானார். அன்னார், யுத்தத்தில் கொண்டுசெல்லப்பட்டு, அடக்கம் செய்த இடம் அறியப்படாத ஒரு தகப்பனின் ஒரே மகனும், ஒரு பெண்ணின் அன்புக் கணவரும் ஆவார். நல்லடக்கம் செவ்வாய்க்கிழமை நடைபெறும், விபரங்களுக்கு நிலையத்தை அழைக்கவும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

வழக்கம்போல இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் முடிய அண்ணை கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பாட்டைப் போட்டோம். தொலைபேசி விளக்குகள் எல்லாம் எரியத் தொடங்கின. யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கே அடக்கம், எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை தேவாலயத்தில் அவருடைய ஆட்கள் ஒரே வாங்கில் இருக்கக்கூடிய அளவுதான். எங்கட சனம் வாசலுக்கு வெளியிலும் நின்றது.

அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்த பிறகுதான் மெற்றில்டா ஃபோன் எடுத்தாள். அழுகைதான் முதலில் கேட்டது.

"பிள்ளை, அவவுக்கு விளங்கீற்றுதோ?"

"இல்லை அன்ரி."

"பின்ன ஏன் அழுகிறாய்?"

"நீங்கள் வாசிக்கேக்க எப்பவும்போலச் சிலுவை போட்டா அன்ரி. எப்பவும் சொல்லுறதைத்தான் சொன்னா. பாவம், ஆரோ பெத்த பிள்ளை எண்டு. இரண்டாம் தரம் வாசிக்கேக்கயும் போட்டா. பிறகு றேடியோவைத் தடவிப்போட்டு என்னட்டத் தந்திட்டா. நான் பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைப் பூட்டீற்றன்."

அந்தச் செய்தியை நான் அண்ணைக்குச் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் ஒருவர், "இனி அந்த நேரம் சும்மாதானே, எடுப்பமோ?" என்று தொடங்க, செல்வரத்தினம் அண்ணைதான் எழும்பினார். "மனுசி இருக்குமட்டும் ஓடட்டும். ஆரும் வாய் திறக்கக்கூடாது" என்றார். ஒவ்வொரு சனிக்கிழமையும் பழைய ஒலிப்பதிவு ஒன்று போட்டோம். மௌனங்களை வெட்டாமல் அப்படியே போட்டோம்.

எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று கேட்டீர்கள். உங்களுக்கு இப்போது கிடைத்திருக்கிற அந்த அரை மணி நேரத்தை முன்பு கேட்டது ஒரே ஒரு ஆள். உங்களையும் எங்கேயோ ஒருவர் மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்துப் பேசுங்கள். எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான்.

அடுத்த குளிர்காலத்தில் நூரியாவும் போய்விட்டார். இந்த முறை பிறந்த மண்ணின் பேரையும் எழுதினேன், எல்லாப் பேர்களையும் எழுதினேன். கத்தலோனியாவைப் பிறப்பிடமாகவும், மெரிலேண்ட்ஸை வதிவிடமாகவும் கொண்டிருந்த நூரியா அவர்கள் காலமானார். அன்னார், காலஞ்சென்ற பெரே அவர்களின் அன்பு மனைவி ஆவார்.

பெரே என்ற அந்தப் பேரைப் போன முறை பேனாவால் வெட்டியவள் நான். இப்போது நிறுத்தி நிறுத்தி, இரண்டு தரமும் சொன்னேன். முடிந்தபோது ஒருவரும் எங்கேயும் சிலுவை போடப்போவதில்லை என்பது நினைவுக்கு வந்தது. நான் சைவக்காரி. எந்தப் பக்கம் முதலில் என்றுகூட எனக்குத் தெரியாது. மைக்கை மூடிவிட்டுக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன்.